ஒரு ரூபாய் வைத்து எழுதிய மொய்

மண்ணூரில் இறங்கி பாஞ்சாலி மெஸ் எங்கே என்று கேட்டால் பச்சைக் குழந்தைகூட வழி சொல்லும். போர்டில் எழுதியிருப்பது என்னவோ 'சுபஸ்ரீ உணவகம்'. மகள் பெயர். ஆனால் கம்பெனிப் பையன்கள் போர்டைப் பார்த்தா சாப்பிட வருகிறார்கள்? காலை ஷிஃப்ட்டுக்கு ஓடுகிறவனுக்கு இட்லி, நைட் ஷிஃப்ட் முடித்துத் தள்ளாடி வருகிறவனுக்குச் சுடுசோறு, ஓ.டி. பார்த்துவிட்டு நேரங்கெட்ட நேரத்தில் வருகிறவனுக்கு மூடி வைத்த தட்டு. முக்கால்வாசிப் பேர் தெற்கத்திப் பையன்கள். முதல் மாதம் முழுக்க குழம்பில் தேங்காய் போதாது என்று குறை சொல்வார்கள். இரண்டாம் மாதம், "யக்கா, இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க" என்று தட்டை நீட்டுவார்கள்.

பாஞ்சாலி பிறந்ததும் அதே ஊர், வாழ்க்கைப்பட்டதும் அதே ஊர். மாமனார் வைத்திருந்த நிலம் கம்பெனிக்குப் போனது. வந்த பணம் பங்காளிகளுக்குள் எந்தப் பக்கம் போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கணவர் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தபோது சுபஸ்ரீ ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அழுது முடித்த கையோடு அடுப்பை மூட்டியவள் பாஞ்சாலி. 'சோறு விக்கிறவ' என்று பங்காளி வீட்டில் இளக்காரமாகப் பேசினார்கள். பேசட்டுமே! பேசின வாய் ஒன்றாவது அவள் வீட்டு உலைக்கு ஒரு படி அரிசி கொடுத்ததா?

மெஸ்ஸில் அவளுக்கு ஒரே சட்டம்தான். கையில காசு, வாயில தோசை. சூப்பர்வைசரே வந்தாலும் சரி, கடன் என்றால் கரண்டியைக் கீழே வைத்துவிடுவாள். அந்தச் சட்டத்தை ஒரே ஒரு ஆளுக்காகத் தளர்த்தினாள். அதுதான் அவளைக் கவிழ்த்தது.

அந்த ஆள் டில்லிபாபு. அவளுக்கு ஒன்றுவிட்ட தம்பி. கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துவிடும் லேபர் கான்ட்ராக்டர். ஒரு காலத்தில் சிமெண்டு மூட்டை தூக்கியவன்தான், பத்து வருஷத்தில் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கார், கழுத்தில் புலிநகச் செயின் என்று வளர்ந்துவிட்டான். பாஞ்சாலிக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. சுபஸ்ரீக்கு மஞ்சள் நீராட்டு நடந்தபோது தாய்மாமன் இடத்தில் வந்து நின்று, தட்டு வரிசை தூக்கி, மைக்கில் பெயர் சொல்லிப் பத்தாயிரத்து ஒன்று மொய் எழுதியவன் டில்லிபாபு. அந்தக் காலத்துக்கு அது பெரிய காசு. பந்தலே திரும்பிப் பார்த்தது. தகப்பன் இல்லாத பெண்ணுக்கு ஒரு மாமன் இருக்கிறான் என்று பாஞ்சாலி அன்றைக்கு அழுதாள்.

அதற்கு அப்புறம் அவன் ஹாஸ்டல் வைத்தான். பையன்களைத் தங்கவைத்து, சாப்பாட்டுக்கு அக்கா மெஸ்ஸைக் காட்டினான். "ஒவ்வொருத்தன் கிட்டயும் நீ கை நீட்டாதக்கா. சம்பளத்துல நானே புட்ச்சிக்கினு, மாசம் மொத்தமா உன் கையில குடுத்துடறேன்" என்றான். நல்ல யோசனைதான். ஒரு வருஷம் ஒழுங்காகக் கொடுக்கவும் கொடுத்தான். பிறகு 'கம்பெனில பில்லு பாஸ் ஆவல' என்று ஆரம்பித்தான். பையன்கள் சம்பளத்தில் சாப்பாட்டுக் காசைப் பிடித்துக்கொண்டது பிடித்தபடிதான் இருந்தது, இந்தப் பக்கம் வந்து சேரவில்லை. அது போதாதென்று ஒரு நாள் வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தான். ஆட்களுக்குச் சம்பளம் போடவில்லை என்றால் கான்ட்ராக்ட்டே போய்விடும், இரண்டே மாதம், புரட்டிக் கொடு என்றான்.

சுபஸ்ரீ செல்போன் கம்பெனியில் லைனில் நிற்கிற பெண். படிப்பு முடித்ததிலிருந்து நின்றுகொண்டே சேர்த்த பணம் பாங்கில் கிடந்தது, கல்யாணத்துக்கு என்று. மாப்பிள்ளையும் முடிவாகியிருந்தது. சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துப் பையன், அன்பு என்று பெயர், கம்பெனி பஸ்ஸில் பழக்கம். இரண்டு வீட்டிலும் கொஞ்சம் முறைத்துவிட்டு அப்புறம் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். அந்தப் பணத்தைத்தான் பாஞ்சாலி கேட்டாள். சுபஸ்ரீ தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "மாமா தானே" என்று எடுத்துக் கொடுத்தாள். சாப்பாட்டுப் பாக்கியும் இதுவுமாகச் சேர்ந்து ஆறு லட்சத்து நாற்பதாயிரம். ஒரு துண்டுச் சீட்டுகூட வாங்கவில்லை. தம்பியிடம் எவளாவது சீட்டு எழுதி வாங்குவாளா, நீங்களே சொல்லுங்கள்.

சேதி வந்தது ஒரு காலை நாஷ்டா நேரத்தில். அந்தோணிராஜ் என்று தூத்துக்குடிப் பையன், கையில் பிட்ட இட்லியோடு சொன்னான்.

"யக்கா, நம்ம கான்ட்ராக்டர் மஞ்சக் கடுதாசி குடுத்துட்டாராம்லா. ஹாஸ்டலைப் பூட்டிட்டாவ. எங்களுக்கும் ரெண்டு மாசச் சம்பளம் பாக்கி."

மஞ்சள் கடுதாசி என்றால் இந்தப் பக்கத்தில் சின்னப் பையனுக்கும் அர்த்தம் தெரியும். கையில் ஒன்றுமில்லை, கடனைக் கட்ட வக்கில்லை என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கைவிரிப்பது. பாஞ்சாலி அடுப்பை அணைக்காமல் ஓடினாள். டில்லிபாபு வீட்டு வாசலில் ஏற்கெனவே ஒரு கூட்டம். அவன் மனைவி கனகலட்சுமி ஜன்னல் வழியாகவே, "அவரு வூட்ல இல்ல அண்ணி, எதுவா இருந்தாலும் வக்கீலைப் பாக்கச் சொல்லிட்டாரு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

சரி என்று ஸ்ரீபெரும்புதூரில் திருமலை வக்கீலைப் போய்ப் பார்த்தாள். நல்ல மனிதர், ஆனால் வாயைத் திறந்தால் ஒரு நல்ல வார்த்தை வராது.

"வீடு யார் பேர்ல இருக்கு?"

"பொண்டாட்டி பேர்ல."

"காரு?"

"மச்சான் பேர்லயாம் சார்."

"அப்ப அவன் பேர்ல என்னதான்மா இருக்கு?"

"ஒரு ஓட்டை வேன் கீது. ஆளுங்கள ஏத்தினு போற வேன்."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த வேனை வித்து, கடன்காரங்க எல்லாருக்கும் பிரிச்சுக் கொடுப்பாங்க. அதுக்கும் வருஷக் கணக்காகும். கடன்காரங்க லிஸ்ட்ல உங்க பேரையும் போட்டிருக்கான், அந்த மட்டும் நல்லது. உங்க பங்குக்கு என்ன வரும்? பஸ் செலவு தேறலாம்."

"நான் நேராப் போயி அவன் சட்டையப் புட்ச்சிக் கேட்டா?"

"மிரட்டினீங்கன்னு உங்க மேல கம்ப்ளெயின்ட் குடுப்பான்."

"அவனே மனசு மாறி எனக்கு மட்டும் தனியாக் குடுத்தா?"

"மத்தவங்க கேள்வி கேப்பாங்க. உங்களுக்கு மட்டும் குடுத்தது செல்லாதுன்னு திருப்பிக் கேக்கலாம்."

"இன்னா சார் இது! கேக்கவும் கூடாது, குடுத்தா வாங்கவும் கூடாதா?"

"அதாம்மா ஐ.பி., நீங்க சொல்ற மஞ்சக் கடுதாசி" என்றார் வக்கீல்.

அன்றிலிருந்து பாஞ்சாலி பட்ட பாடு புலி வாலைப் பிடித்த கதைதான். மெஸ்ஸுக்கு அரிசி பருப்பு போடுவது நடேசன் மளிகை. அவருக்கு அவள் பெரிய பாக்கி. மெஸ்ஸை நடத்தினால்தான் நடேசன் பொறுத்திருப்பார், மூடினால் அன்றைக்கே மொத்தத்தையும் கேட்பார். நடத்தினாலோ, சம்பளம் வராத பையன்கள் தட்டோடு வந்து நிற்கிறார்கள். ஊர் விட்டு ஊர் வந்த பிள்ளைகளை எழுந்து போ என்று எப்படிச் சொல்வது? போட்டாள். போடப் போட நடேசனிடம் பாக்கி ஏறியது. டில்லிபாபுவைப் போல அவளும் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டுக் காலை நீட்டிப் படுக்கலாம்தான். அதற்கும் ஒரு தடித்த தோல் வேண்டும், அது அவளுக்கு இல்லை. அன்புவின் அம்மா மாதம் ஒருமுறை போன் போட்டு, "தை பொறந்தா வச்சுக்கலாமா?" என்பார். ஒரு தை போய் அடுத்த தையும் வந்தது.

அப்போதுதான் அந்தக் கூத்து. ஒரு சாயங்காலம் டில்லிபாபுவும் கனகலட்சுமியும் தாம்பாளத்தில் பழம், பாக்கு, குங்குமத்தோடு பாஞ்சாலி வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள். மகள் பூஜாவுக்குப் படப்பை மண்டபத்தில் கல்யாணம்.

பாஞ்சாலிக்குச் சிரிப்பதா செருப்பை எடுப்பதா என்று தெரியவில்லை. "கைல நையா பைசா இல்லன்னு கோர்ட்ல எழுதிக் குடுத்தியே பாபு, படப்பையில மண்டபம் எப்டி வந்துச்சி?"

"எல்லாம் மச்சான் செலவுக்கா. நான் சும்மா நிக்கிற ஆளு. பூஜாவத் தூக்கி வளத்தவ நீ. அத்தை இல்லாம அவ மணையில ஒக்காருவாளா?"

"சம்பந்தி வூட்டுக்கு உன் மஞ்சக் கடுதாசி விஷயம் தெரியுமா?"

கனகலட்சுமிதான் சட்டென்று பாஞ்சாலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, உங்களுக்குப் புண்ணியமாப் போவும், அத மட்டும் அங்க பேசிடாதீங்க. பொண்ணு வாழ்க்கை அண்ணி." அவள் கண்ணில் தண்ணீர். அது நிஜத் தண்ணீர்தான். பூஜா பாவாடை கட்டத் தெரியாத வயசிலிருந்து பாஞ்சாலி மடியில் வளர்ந்த பெண். அந்தப் பெண் என்ன பாவம் செய்தது? பேச மாட்டேன் என்று பாஞ்சாலி வாக்குக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுத் தன் வாயைத் தானே திட்டிக்கொண்டாள்.

சுபஸ்ரீ ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள், "நான் வரல. நீயும் போகாத."

"போவாம எப்டிடி? நம்ம வூட்டு விசேஷத்துல பத்தாயிரத்து ஒண்ணு எழுதினவன். திருப்பிச் செய்யாட்டி, மொய் தின்னவன்னு ஊரு காறித் துப்பும்."

"அவர் நமக்கு ஆறு லட்சம் தரணும்மா!"

"அது கடன். இது மொய்" என்றாள் பாஞ்சாலி. மகளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் அந்தப் பக்கத்து மனிதர்களிடம் கேட்டுப் பாருங்கள், பாஞ்சாலி சொன்னதுதான் சரி என்பார்கள். கடனை ஏமாற்றினவன் ஊருக்குள் கார் ஓட்டலாம். வாங்கின மொய்யைத் திருப்பிச் செய்யாதவன் வீட்டு வாசலை ஒருவரும் மிதிக்க மாட்டார்கள். காதில் கிடந்த கம்மலை அடகு வைத்து, பத்தாயிரத்து ஒன்றைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு படப்பைக்குப் போனாள். தன்னை மொட்டையடித்தவனுக்குத் தன் கம்மலை அடகு வைத்து மொய். இதைவிடப் பெரிய கொடுமை உண்டா!

மண்டபம் ஜேஜே என்று இருந்தது. முகூர்த்தம் முடிந்து மொய் மேஜையில் கூட்டம் நெருக்கியது. எழுத உட்கார்ந்திருந்தவர் நடேசன் மளிகைதான். ஊர் விசேஷம் எதுவானாலும் மொய் எழுதுவது அவர்தான், எழுதியதை மைக்கில் படிப்பதும் அவர்தான். பாஞ்சாலி வரிசையில் நின்றாள். முன்னால் ஒரு பெரியவர் நோட்டுகளை எண்ணி வைத்துவிட்டு, "பழைய மொய் போக மீதி புது மொய்யா எழுதிக்கோ நடேசா. என் பேரனுக்குக் காது குத்தறப்போ பாபு செய்யட்டும்" என்றார். "செய்யாம எங்க போவான்? செத்தாலும் புள்ள செய்யணும், புள்ள இல்லாட்டி பொண்ணு செய்யணும். மொய்யாச்சே" என்றார் நடேசன்.

பாஞ்சாலி அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் இருந்தவர் முதுகில் இடித்தார். கோர்ட்டு, வக்கீல், வேன், பஸ் செலவு என்று ஒன்றரை வருஷமாக மண்டைக்குள் சுற்றியதெல்லாம் ஒரே அடியாக நின்றது. கவரை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். சுருக்குப்பையைத் துழாவி ஒரு ரூபாய்க் காசு ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"எழுது அண்ணா. பொண்ணுக்கு அத்தை, பாஞ்சாலி, மண்ணூர். ஆறு லட்சத்து நாப்பதாயிரத்து ஒண்ணு."

நடேசனின் பேனா நின்றது. "இன்னாம்மா சொல்ற? தட்டுல ஒரு ரூபாதான் கீது."

"மீதிய முன்னாலயே தம்பி கைல குடுத்துட்டேன். நீ எழுது."

நடேசன் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குத் தெரியாத விஷயமா? பாஞ்சாலிக்குப் பணம் வந்தால்தான் தன் அரிசிக் காசு வரும் என்பதும் அவருக்குத் தெரியும். மீசைக்குள் ஒரு சிரிப்பு ஓடியது. எழுதினார். மைக்கை வாயருகே இழுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, மண்டபம் அதிர ஒருமுறை, சாப்பாட்டு ஹாலுக்கும் கேட்கட்டும் என்று இன்னொரு முறை படித்தார்.

நாதஸ்வரக்காரர்கூட நிறுத்திவிட்டார். மேடையிலிருந்து டில்லிபாபு வேட்டி தடுக்க ஓடி வந்தான்.

"அக்கா, இன்னாக்கா இது..." என்று குரலை அடக்கிக்கொண்டு பல்லைக் கடித்தான்.

"மொய்டா. வேணாமா? வேணான்னா மைக்குல சொல்லிடு" என்றாள் பாஞ்சாலி, முகமெல்லாம் சிரிப்பாக.

எப்படிச் சொல்வான்? எழுதின மொய்யை வேண்டாம் என்றால் உறவே வேண்டாம் என்று அர்த்தம். அதைவிட மோசம், ஏன் வேண்டாம் என்று சம்பந்தி கேட்பார். கேட்டால், அது மொய் அல்ல, நான் கட்டாமல் விட்ட கடன் என்று அவனே மேடையில் நின்று சொல்ல வேண்டும். பாஞ்சாலி வாக்குத் தவறவில்லை, கடன் என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. டில்லிபாபு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான்.

அதற்குள் சம்பந்தியே எழுந்து வந்துவிட்டார். "பொண்ணுக்கு இவ்ளோ பெரிய அத்தை இருக்காங்கன்னு சொல்லவே இல்லியே!" என்று டில்லிபாபுவைச் செல்லமாகக் கோபித்துக்கொண்டார். பாஞ்சாலியை மேடைக்கு அழைத்துப்போய் போட்டோ எடுத்தார்கள், வீடியோ எடுத்தார்கள். முதல் பந்தியில் மாப்பிள்ளை வீட்டாரோடு உட்காரவைத்து இரண்டு ஜாங்கிரி வைத்தார்கள். கம்மல் இல்லாத காதை முந்தானையால் மூடிக்கொண்டு பாஞ்சாலி ஜாங்கிரி தின்றாள். மூன்றாவதும் கேட்டு வாங்கித் தின்றாள்.

வீட்டுக்கு வந்து மகளிடம் நடித்துக் காட்டினாள். டில்லிபாபு கும்பிட்ட மாதிரி, சம்பந்தி பல்லிளித்த மாதிரி. எத்தனையோ மாதம் கழித்து சுபஸ்ரீ வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "சரிம்மா, இந்த மொய் எப்ப திரும்பி வரும்?"

"இதுகூடத் தெரியாதா? நம்ம வூட்ல விசேஷம் வச்சா."

"என்ன விசேஷம்?"

"உன் கல்யாணந்தான்டி."

"கல்யாணத்துக்குப் பணம்?"

பாஞ்சாலியின் சிரிப்பு வாயிலேயே காய்ந்தது. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்று ஊரில் ஒரு பழமொழி உண்டு. பணம் இருந்தால்தான் கல்யாணம், கல்யாணம் வைத்தால்தான் பணம். நடேசனிடம் போய், கல்யாணச் சாமானைக் கடனாகப் போடுங்கள், மொய் வந்ததும் தருகிறேன் என்று கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார். மைக்கில் படிப்பது வேறு, மூட்டையை இறக்குவது வேறு அல்லவா.

அதோடு விட்டதா? திருமலை வக்கீலிடமிருந்து போன். போய் உட்கார்ந்தால் மனிதர் கொதித்துக்கொண்டிருந்தார்.

"மைக்குல என்னம்மா சொன்னீங்க? மொய்யாக் குடுத்துட்டேன்னா? மத்த கடன்காரங்க கல்யாண வீடியோவைக் கோர்ட்ல குடுத்துட்டாங்க. அந்த அம்மா குடுத்தது கடனே இல்ல, அன்பளிப்பு, லிஸ்ட்லேருந்து பேரை எடுங்கன்னு மனு போட்டிருக்காங்க. இப்ப ஜட்ஜ் அய்யா கேப்பாரு. கடனா மொய்யான்னு நீங்களே உங்க வாயால சொல்லணும்."

பாஞ்சாலி கூண்டில் ஏறி நின்றாள். எதிரே டில்லிபாபு தலையைக் குனிந்து நின்றான். கடன் என்று சொன்னால் வேனில் ஒரு பங்கு, பஸ் செலவு. கூடவே மொய் பொய்யாகிவிடும், ஊர் முன்னால் அவள் பொய்க்காரி, புகுந்த வீட்டில் பூஜாவின் கதி என்ன ஆகுமோ. மொய் என்று சொன்னால் கோர்ட்டுக் கதவு அதோடு சரி. மிச்சமிருப்பது டில்லிபாபுவின் வெட்கம் ஒன்றுதான். அதை நம்பலாமா? முன்பொரு தடவை நம்பித்தானே இங்கே வந்து நிற்கிறாள்!

"மொய்தாங்கய்யா" என்றாள்.

வெளியே வந்ததும் டில்லிபாபு பக்கத்தில் வந்தான். முகத்தில் ஜெயித்த களை இல்லை, அதுவும் உண்மை. "அக்கா, நான் மறுக்கல. சுபாவுக்குக் கல்யாணத்த வை. ஆனமட்டும் புரட்டினு வந்து தாய்மாமனா நிக்கிறேன்."

"எதை வச்சிடா வைக்கிறது? கைல இன்னா கீது?"

"நீ வைக்கிற அன்னிக்கு வரேங்க்கா" என்று மறுபடியும் அதையே சொன்னான். கஸ்மாலம் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அவள் பஸ் ஏறினாள்.

அதற்கப்புறம் பாஞ்சாலிக்கு அதே நினைப்பாகிவிட்டது. சாம்பார் கரண்டியோடு நின்றபடி கணக்குப் போடுவாள். சின்ன மண்டபம் என்றால் எவ்வளவு, கோயில் என்றால் எவ்வளவு, எத்தனை பேருக்குச் சோறு. சமையல் நம்முடையது, அந்தச் செலவு மிச்சம். மைக் மட்டும் நல்ல மைக்காக வைக்க வேண்டும். டில்லிபாபு பெயரை நாலு தடவை படிக்கச் சொல்ல வேண்டும். மெஸ்ஸுக்கு வருகிற பையன்கள் "யக்கா, குழம்பு அடி புடிக்கி" என்று கத்தினால்தான் இந்த உலகத்துக்கு வருவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுபஸ்ரீ அடுப்படிக்கு வந்தாள். தலை குளித்து, நல்ல சுடிதார் போட்டிருந்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"அம்மா, அன்பு அவங்க அம்மாகிட்டப் பேசிட்டான். அவங்க ஒத்துக்கிட்டாங்கம்மா! மண்டபம் வேணாமாம், சாப்பாடு வேணாமாம். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுக்கலாம்னுட்டாங்க. ரெண்டு மாலை, சாட்சிக்கு ஆளுங்க, அவ்ளோதான். அடுத்த மாசமே வச்சுக்கலாம். உனக்கு ஒரு ரூபா செலவில்ல."

பாஞ்சாலி சாதம் வடித்துக்கொண்டிருந்தாள். கஞ்சி கையில் பட்டதுகூட உறைக்கவில்லை.

"அப்ப மொய்?" என்றாள்.

வாயிலிருந்து வந்துவிட்டது. திரும்ப எடுக்க முடியாது. சுபஸ்ரீயின் முகத்தில் இருந்த வெளிச்சம் அப்படியே இறங்கியது. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பாஞ்சாலியும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், நிஜத்தச் சொல்லு" என்றாள் மகள். "உனக்கு என் கல்யாணம் வேணுமா, மாமாவோட மொய் வேணுமா?"

"இன்னாடி கேள்வி இது! உன் கல்யாணந்தான்" என்றாள் பாஞ்சாலி.

சொன்னாள். ஆனால் சொல்வதற்கு முன்னால் ஒரு நொடி யோசித்துவிட்டாள். யோசித்ததை மகள் பார்த்துவிட்டாள்.